பழைய ரேஸ் சைக்கிளுக்குச் செலவு செய்வதா, வேறு வாங்குவதா? (மண்டபம் – ராமேஸ்வரம் பக்கம் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்)

மண்டபம்_மிதி

வணக்கம். என்னிடம் இருப்பது அலுமினியம் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோவின் ஆரம்பநிலை கியர் செட்டான கிளாரிஸ் 8 ஸ்பீட் (பின்னால் 8 பல்சக்கரம்), ரிம்மைப் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக், 25 மி.மீ. டயர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வயது ஆறேழு வருடம் இருக்கும். வார நாட்களில் உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் போய்த் திரும்புவேன். ஞாயிறு என்றால் அரிச்சல்முனை. பொங்கலுக்கு அப்புறம் மதுரைப் பக்கம் ஒரு ஓபன் ரேஸில் இறங்கலாம் என்று எண்ணம், அமெச்சூர் பிரிவுதான்.

கையில் 45 ஆயிரம் இருக்கிறது. ஒரு யோசனை, இதே சைக்கிளில் 11 ஸ்பீட் கியர் செட்டும் ரிம் ஆழம் 50 மி.மீ. உள்ள கார்பன் வீலும் போடுவது. இன்னொன்று, இதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மேலே கொஞ்சம் கடன் வாங்கி டிஸ்க் பிரேக் சைக்கிள் எடுப்பது. கூட ஓட்டும் பையன்கள் மணிக்கு 35 கி.மீ.-இல் போகும்போது எனக்கு 31, 32-லேயே மூச்சு வாங்குகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற நாளில் கேட்கவே வேண்டாம். உங்கள் பணமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஈசிஆர்_புலி (ராமநாதபுரம்)

புதுசு எடுங்க ப்ரோ. ஆறு வருட கிளாரிஸ் மேல் காசு கொட்டினால் திரும்ப வராது. நாளைக்கு விற்கும்போது எவனும் "11 ஸ்பீட் போட்டிருக்கிறான்" என்று கூட்டித் தர மாட்டான். 2025 செப்டம்பர் 22-இலிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய_ஹீரோ (தேவிபட்டினம்)

பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் அண்ணா பிறந்தநாள் போட்டி ஓட்டி வந்தவன் நான். அதில் கியர் வண்டியே கூடாது. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான், 17 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 20 கி.மீ. அந்த வண்டியிலேயே ஜெயிக்கிறவன் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தான்.

31-க்கும் 35-க்கும் இடையில் இருப்பது கியரா, காலா என்று முதலில் பாருங்கள் தம்பி. மாடு ஓடவில்லை என்று வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்களை நம்ம ஊர்ப் பந்தயத்தில் நிறையப் பார்த்தாச்சு.

ஈசிஆர்_புலி

அண்ணே, கால் கால் என்று சொல்லியே எல்லாரையும் பழைய வண்டியில் உட்கார வைக்காதீங்க :)

எதிர்க்காத்து (பாம்பன்)

தம்பி, பாகங்களை அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஃப்ரேம் தேறுமா என்று பாருங்கள். திண்டுக்கல்லில் ஓடிய ஆறு வருட ஃப்ரேமும் நம் கரையில் ஓடிய ஆறு வருட ஃப்ரேமும் ஒன்றில்லை. அரிச்சல்முனை ரோட்டில் இரண்டு பக்கமும் கடல். காற்றோடு வரும் உப்பு போல்ட் இடுக்கு, சீட் போஸ்ட் வாய் என்று எங்கே சந்து இருக்கிறதோ அங்கே போய்த் தங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது.

சீட் போஸ்ட்டைக் கழற்றுங்கள். வருகிறதா? அலுமினியம் ஆக்சைடாக மாறும்போது அதன் பருமன் கூடும். போஸ்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடத்தை அந்த வெள்ளைத் தூள் அடைத்து, இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடும். வரவில்லை என்றால் துரு இளக்கும் ஸ்பிரேயை மேலே கிளாம்ப் பக்கம் அடியுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சு சுழலும் இடம்) வழியாக உள்ளிருந்தும் அடித்து இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். காஸ்டிக் சோடா ஊற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரும்பு ஃப்ரேமில் மாட்டிய அலுமினியம் போஸ்ட்டை அரித்து எடுக்க அது உதவும். உங்களுடையதில் ஃப்ரேமையே தின்றுவிடும்.

அடுத்தது பாட்டம் பிராக்கெட். மரை போட்ட பிஎஸ்ஏ வகை என்றால் செயின் பக்கத்துக் கப் எதிர் மரை. கடைக்காரர் பழக்க தோஷத்தில் வழக்கமான பக்கம் திருகிப் பலம் காட்டினால் இன்னும் இறுகும், மரையும் போகும். கூடவே நின்று சொல்லுங்கள்.

பிறகு நல்ல வெளிச்சத்தில் வெல்டிங் இடங்கள். ஹெட் டியூபுக்குக் கீழே டவுன் டியூப் சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, பின் சக்கரம் மாட்டும் டிராப்அவுட், சீட் கிளாம்ப் கீற்றின் அடிமுனை. பெயின்டில் மெல்லிய கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள், பஞ்சால் துடைத்துப் பாருங்கள். விரிசல் என்றால் பஞ்சு இழை மாட்டும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அடியில் அரிப்பு. விரிசல் கண்ட அலுமினியம் ஃப்ரேமை வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஒட்டி ரேஸ் ஓட்டுவது வேண்டாம். வெல்டு சூட்டில் சுற்றியுள்ள உலோகம் பலம் இழக்கும். திரும்ப ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய நம்ம பக்கம் யாரிடம் வசதி இருக்கிறது?

கார்பன் ஃபோர்க்கையும் முழுசாக வெளியே எடுத்து, ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தைக் கழற்றாமல் பார்க்க முடியாது.

இதெல்லாம் தேறினால்தான் கியர், வீல் பேச்சே. இன்னொன்று கேட்க வேண்டும்: சைக்கிளை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

மண்டபம்_மிதி

வீட்டு போர் தண்ணீர்தான் அண்ணே. ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் கழுவிவிடுவேன்.

எதிர்க்காத்து (பாம்பன்)

மண்டபத்து போர் தண்ணீர் வாயில் வைக்க முடியுமா? உப்பை உப்பால் கழுவி, வெயிலில் காய வைக்கிறீர்கள். காவிரித் தண்ணீர் ஒரு பக்கெட் போதும். துணியை நனைத்துத் துடைத்து, செயினை உலர வைத்து எண்ணெய் விடுங்கள். வீட்டில் திட்டு விழும், குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர். பரவாயில்லை, கேசட்டை (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) விட மலிவு.

கீழக்கரை_ரைடர்

50 மி.மீ. வீலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வேண்டாம் ப்ரோ. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை ரோடு தென்கிழக்காகப் போகிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. ஆக வருடத்தில் பாதிக்கு மேல் அந்த ரோட்டில் நமக்குக் கிடைப்பது பக்கவாட்டுக் காற்றுதான். முன் சக்கரம் ஆழமாக இருந்தால் ஹேண்டிலைப் பிடுங்கும். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு உச்சியில் கைப்பிடிச் சுவரின் மறைவும் அவ்வளவாக இல்லை, பக்கத்தில் டூரிஸ்ட் வேன். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். நம்ம சைக்கிள் எம்மாத்திரம்?

ஆசை அடங்காது என்றால் பின்னால் மட்டும் ஆழம், முன்னால் 30-க்குள். ஆனால் அந்தக் காசில் டயர் வாங்குங்கள். பிரேக் காலிபரிலும் ஃபோர்க்கிலும் இடம் இருந்தால் 28, இல்லையென்றால் நல்ல 25. "நல்ல" என்றால் மெல்லிய ரேஸ் டயர் இல்லை. சாலை ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். உள்ளே முள் தடுக்கும் பட்டை வைத்த டயர் ட்ரெயினிங்குக்கு, மெல்லியது ரேஸ் அன்றைக்கு மட்டும்.

ஈசிஆர்_புலி

ட்யூப்லெஸ் போட்டால் முள் பிரச்சினையே இல்லையே காக்கா?

கீழக்கரை_ரைடர்

அவருடைய ரிம் ட்யூப்லெஸ் ரிம்மா என்று பார்க்க வேண்டும். அப்புறம் நம்ம வெயிலில், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அடிக்கடி திறந்து ஊற்றுகிற பொறுமை இருந்தால் போடலாம். எனக்கு இல்லை.

ஸ்பேனர்_செட் (பரமக்குடி)

கியர் விஷயம். கிளாரிஸில் இருக்கும் பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) 8, 9, 10 ஸ்பீட் கேசட் ஏற்கும். 11 ஸ்பீட் ரோடு கேசட்டுக்கு ஹப்பில் கேசட் மாட்டும் ஃப்ரீஹப் பாடி 1.85 மி.மீ. கூடுதல் அகலம் வேண்டும். அதனால் 11-க்குப் போனால் கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினைத் தள்ளும் இரண்டு டீரெய்லர், கேசட், செயின் என்று எல்லாவற்றோடும் பின் வீலும் சேர்ந்து மாறும். 45 ஆயிரத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

இடைவழி ஒன்று உண்டு. கிளாரிஸுக்கு அடுத்த படியான சோரா 9 ஸ்பீட் ஷிஃப்டர், 9 ஸ்பீட் கேசட், செயின் மட்டும் மாற்றினால் உங்கள் கிளாரிஸ் பின் டீரெய்லர் அப்படியே வேலை செய்யும், கேபிள் இழுப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அதற்கும் அடுத்த படியான டியாக்ரா 4700-ஐக் கலக்காதீர்கள். 10 ஸ்பீட் என்றாலும் அதன் கேபிள் இழுப்பு வேறு.

கீழக்கரை_ரைடர்

ஒரு விதிவிலக்கு. ஷிமானோவின் 11-34 (11 பல்லிலிருந்து 34 பல் வரை) எச்ஜி800 கேசட் 11 ஸ்பீடாக இருந்தும் பழைய 10 ஸ்பீட் ஹப்பில் உட்காரும்.

ஸ்பேனர்_செட் (பரமக்குடி)

உட்காரும், சரி. ஆனால் 34 பல் வைத்து மண்டபத்தில் எந்த மலை ஏறப் போகிறார்? நம்ம மாவட்டத்துக் கரையில் ஏற்றம் என்று சொன்னால் பாம்பன் பாலம், அப்புறம் கந்தமாதன பர்வதம். தீர்ந்தது.

அதனால் நான் சொல்வது வேறு. இப்போது உங்களிடம் 11-28 கேசட் இருக்கும்: 11, 13, 15, 17, 19, 21, 24, 28. வேகம் கூடும்போது 13 கனமாகவும் 15 லேசாகவும் தோன்றும், நடுவில் ஒன்று கிடைக்காது. 8 ஸ்பீடிலேயே 13-26 என்று ஒரு கேசட் உண்டு: 13, 14, 15, 17, 19, 21, 23, 26. வேகமாகப் போகும் பக்கத்தில் பல் பல்லாக இறங்கலாம். முன்னால் 50 பல் என்றால் 50-13-இல் நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் 43 கி.மீ. தாண்டும், 100 மிதித்தால் 48. அமெச்சூர் ரேஸில் சமதரையில் இதற்கு மேல் எதற்கு? புது கேசட்டுடன் புது செயினும் போடுங்கள். தேய்மானம் பார்க்கும் செயின் கேஜ் 0.75 காட்டிய பழைய செயினைப் புது கேசட்டில் மாட்டினால் அதையும் சேர்த்துத் தின்னும்.

மண்டபம்_மிதி

பார்த்தவரை சொல்கிறேன். சீட் போஸ்ட் மூன்று நாள் ஊறியபின் கிறீச் என்று வந்துவிட்டது. உள்ளே வெள்ளைத் தூள், ஆனால் குழியில்லை. பாட்டம் பிராக்கெட் பழையது, கரகரக்கிறது. செயின் பக்கம் எதிர் மரை என்று சொன்னதைக் கடை அண்ணன் நம்பவே இல்லை. திருகித் திரும்பி வந்தபின் சிரித்தார். வெல்டிங்கில் விரிசல் இல்லை. ஃபோர்க் சுத்தம். ஆக ஃப்ரேம் தேறிவிட்டது, அப்படித்தானே?

எதிர்க்காத்து (பாம்பன்)

தேறிவிட்டது. போஸ்ட்டில் கிரீஸ் தடவிப் போடுங்கள். பாட்டில் மாட்டும் போல்ட்டுகளையும் கழற்றிக் கிரீஸ் வையுங்கள். எஃகு போல்ட், அலுமினிய மரை, உப்பு ஈரம் மூன்றும் சேர்ந்தால் அங்கேதான் அரிப்பு முதலில் ஆரம்பிக்கும்.

ஈசிஆர்_புலி

ஃப்ரேம் தேறியது சரி. ஆனால் இன்னும் ஐந்து வருடத்தில் நல்ல ரிம் பிரேக் வீல் கடையில் கிடைக்குமா? மேல்தர செட்டெல்லாம் டிஸ்க், 12 ஸ்பீட், எலக்ட்ரானிக் என்று போய்விட்டது. இப்போதே மாறுவதில் என்ன தப்பு? மழையில் பாலத்து இரும்பு இணைப்புகள் மேல் ரிம் பிரேக்கோடு இறங்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஸ்பேனர்_செட் (பரமக்குடி)

மழையில் டிஸ்க் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஈரமான இரும்புப் பட்டையில் வழுக்குவது டயர். அதற்கு டிஸ்க் என்ன செய்யும்? அதோடு 45 ஆயிரத்துக்கு உள்ளே வரும் புது டிஸ்க் சைக்கிளில் இருப்பது பெரும்பாலும் கேபிள் டிஸ்க், கனமான வீல். இப்போது இருப்பதைவிட எடை கூடத்தான் இருக்கும்.

எல்லாரும் டிஸ்க்குக்கு ஓடுவதால் செகண்ட் ஹேண்டில் நல்ல ரிம் பிரேக் சைக்கிள் விலை விழுந்து கிடக்கிறது. வாங்குகிறவனுக்கு இது நல்ல காலம்.

வாடைக்காத்து (தொண்டி)

எல்லாரும் பாகத்தையே பேசுகிறீர்கள். மண்டபம்_மிதி, உங்கள் உயரம் என்ன, ஃப்ரேம் சைஸ் என்ன? சைக்கிளில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் ஒரு போட்டோ போடுங்கள்.

மண்டபம்_மிதி

5 அடி 6 அங்குலம் அக்கா. ஃப்ரேம் 56 செ.மீ. போட்டோ போட்டிருக்கிறேன். ஸ்டெம் 80 மி.மீ. போட்டபின் கை எட்டுகிறது.

வாடைக்காத்து (தொண்டி)

நினைத்தேன். 5 அடி 6-க்கு 52 பக்கம் இருக்க வேண்டும். போட்டோவில் சீட் போஸ்ட் வெளியே கொஞ்சம்தான் தெரிகிறது, ஹேண்டில் சீட்டுக்குச் சமமாக நிற்கிறது, கை விறைத்து நீண்டிருக்கிறது. ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்து எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்? ஐந்து நிமிடம் தாங்காது என்று நினைக்கிறேன்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு தோராயக் கணக்கு போடுகிறேன். 80 கிலோ மொத்த எடை, சமதரை, காற்றில்லை, 30 கி.மீ. வேகம். அதற்கு 150 வாட் வேண்டும். அதே 30-ஐ மணிக்கு 18 கி.மீ. எதிர்க்காற்றில் பிடிக்க 330 வாட்டுக்கு மேல். கச்சான் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி நோக்கி ஈசிஆரில் போனவர்களுக்கு இந்தக் கணக்கு தொடையில் தெரியும். அந்தக் காற்றில் உடம்பைத் தாழ்த்தி, காற்று மோதும் பரப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 30 வாட் மிச்சம். சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால்? அரை வாட்கூட இல்லை.

சமதரையிலும் காற்றிலும் ஓட்டுகிறவருக்குப் பெரிய சுமை அவர் நெஞ்சுதான். நெஞ்சைத் தாழ்த்தவிடாத சைக்கிளில் 11 ஸ்பீட் போட்டு என்ன, கார்பன் வீல் போட்டு என்ன? அதனால் நானும் மாற்றச் சொல்கிறவள்தான். புலி சொன்ன காரணத்துக்காக இல்லை. சைஸுக்காக.

ஈசிஆர்_புலி

காரணம் எதுவாக இருந்தாலும் நான் சொன்னதுதான் ஜெயித்தது :)

பழைய_ஹீரோ (தேவிபட்டினம்)

அதற்குள் விற்றுவிட வேண்டாம். மைனஸ் 17 டிகிரி ஸ்டெம் ஒன்று வாங்கிப் போட்டால் ஹேண்டில் இறங்கிவிடும். ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிகிற வேலை.

வாடைக்காத்து (தொண்டி)

உயரம் இறங்கும் அண்ணே. நீளம் அப்படியே இருக்கும். இப்போதே 80 ஸ்டெம். இன்னும் குட்டையாக்கினால் ஹேண்டில் துடுக்காகிவிடும், பக்கக் காற்றில் அது ஆபத்து. தற்காலிகத்துக்கு வேண்டுமானால் சரி.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது 52 இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். ஒரே நாள், ஒரே ரோடு, ஒரே இதயத் துடிப்பு. ஆனால் ஒரு சைக்கிளில் காலையிலும் இன்னொன்றில் பத்து மணிக்கும் ஓட்டி ஒப்பிடாதீர்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

மண்டபம்_மிதி

உச்சிப்புளியில் ஒரு நண்பரிடம் 52 ரிம் பிரேக் சைக்கிள் இருந்தது, அதிலும் அதே கிளாரிஸ். கச்சானுக்கு எதிராக, துடிப்பு 150-ஐத் தாண்டாமல், மாற்றி மாற்றி ஓட்டினேன். என்னுடையதில் 26 சொச்சம், அதில் 28. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே வித்தியாசம். கீழ் வளைவைப் பிடித்தபடியே மொத்தத் தூரமும் போக முடிந்தது, கழுத்து வலிக்கவில்லை.

இப்போது கேள்வி மாறிவிட்டது. 52-இல் வெறும் ஃப்ரேம் வாங்கி என் பாகங்களை மாற்றுவதா, முழு சைக்கிளா?

ஸ்பேனர்_செட் (பரமக்குடி)

முழு சைக்கிள், செகண்ட் ஹேண்ட், ரிம் பிரேக். ஃப்ரேம் மட்டும் வாங்கினால் சீட் போஸ்ட் விட்டம், முன் டீரெய்லர் கிளாம்ப் அளவு, ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) என்று ஒவ்வொன்றாக ஒத்துவராமல் சில்லறைச் செலவு கூடிக்கொண்டே போகும். முழு சைக்கிளில் இதெல்லாம் ஏற்கெனவே பொருந்தியிருக்கும். பாட்டம் பிராக்கெட் மரை வகையாக இருக்கட்டும், அழுத்திச் செருகும் வகை வேண்டாம். நம்ம உப்புக்கு அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், மரை என்றால் எந்தக் கடையிலும் முடியும்.

டியாக்ராவோ அதற்கும் மேல் படியான 105-ஓ போட்டது 45-க்குள் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் சோரா போதும். டிஸ்க்குக்கு ஆசைப்பட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பெரும்பாலும் பின்னால் 142 மி.மீ. துரூ ஆக்சில் (ஹப்பின் ஊடே செருகும் அச்சு), உங்கள் 130 மி.மீ. வீல் எதுவும் அதில் போகாது. ரிம் பிரேக் என்றால் பழைய வீலை ட்ரெயினிங்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதிர்க்காத்து (பாம்பன்)

முடிந்தால் கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்து வண்டியாகப் பாருங்கள். கடற்கரை வண்டி என்றால் சீட் போஸ்ட்டை என் கண்முன் கழற்றிக் காட்டு, அப்புறம் விலை பேசுவோம் என்று சொல்லுங்கள். கழற்ற யோசிப்பவரிடம் வாங்காதீர்கள். கார்பன் ஃப்ரேம் துருப்பிடிக்காது என்று ஆசை காட்டுவார்கள். அதற்குள் பதித்திருக்கும் அலுமினியத் துண்டுகள் அரிக்கும், கார்பனோடு தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக. விழுந்த வண்டியா என்பதும் பெயின்டுக்கு மேலே தெரியாது.

மண்டபம்_மிதி

மதுரையில் ஒரு 52 பார்த்து வைத்திருக்கிறேன், டியாக்ரா, அலுமினியம், மரை பாட்டம் பிராக்கெட். 38 சொல்கிறார். ஞாயிறு போய் சீட் போஸ்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். மீதிக் காசு டயருக்கு.

கீழக்கரை_ரைடர்

36-க்குக் கேளுங்கள். அப்புறம், பழைய 56-ஐ என்ன செய்யப் போகிறீர்கள்? என் மச்சான் 5 அடி 11, சைக்கிள் தேடுகிறான்.

மண்டபம்_மிதி

கொடுக்கிறேன் காக்கா. புது பாட்டம் பிராக்கெட் போட்டாச்சு. வீல் மட்டும் என்னிடம் இருக்கும்.

கீழக்கரை_ரைடர்

வீல் இல்லாமல் அவன் எதில் ஓட்டுவான்?

மண்டபம்_மிதி

சரி, வீலோடு ஒரு விலை, வீல் இல்லாமல் ஒரு விலை. மெசேஜில் வாங்க.